டெலிக்காவுக்கு 31 அங்குல டயர்: வெல்லாவெளிச் சேற்றுக்கும் உகந்தை மணலுக்கும் உண்மையில் எது தேவை

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என்னிடம் மிட்சுபிஷி டெலிக்கா ஸ்பேஸ் கியர் வான் இருக்கிறது. 4×4, 2.8 டீசல், ஒட்டோ கியர். இப்போது 235/75 ஆர் 15 டயர் போட்டிருக்கிறது. வயல் வெல்லாவெளிக்கு அப்பால். மாரியிலும் அங்கே போய்வர வேண்டும். ஆடியில் குடும்பத்தோடு உகந்தைக்குப் போவோம். 31 அங்குல ஓல்-டெரெய்ன் டயர் போட்டால் எங்கும் போகலாம் என்கிறார்கள். வானை உயர்த்தாமல் அது கொள்ளுமா? உயர்த்துவதென்றால் எவ்வளவு உயர்த்த வேண்டும்?"

தம்பி, கொள்ளுமா என்று கேட்டால், இழுத்துப் பிடித்தால் கொள்ளும். ஆனால் உங்களுக்கு 31 தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். நல்ல ஓல்-டெரெய்ன் டயர், அதாவது ரோட்டுக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவாகச் செய்த டயர், கட்டாயம் போடுங்கள். அளவில் மட்டும் 235/75 ஆர் 15-இலேயே நில்லுங்கள், அல்லது ஒரு படி மட்டும் ஏறி 30×9.5 ஆர் 15 போடுங்கள். ஏன் என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன். இது பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம்.

முதலில் அளவைப் பார்ப்போம். 235/75 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 235 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 75 வீதம், ரிம் 15 அங்குலம். கணக்குப் பார்த்தால் மொத்த உயரம் ஏறத்தாழ 733 மில்லிமீற்றர். 31×10.5 டயர், அதாவது 31 அங்குல உயரமும் 10.5 அங்குல அகலமும் உள்ளது, பெயரளவில் 787 உயரம். காற்றடித்து அளந்தால் பெரும்பாலானவை 775 அளவில் நிற்கும். வித்தியாசம் 42 மில்லிமீற்றர். இதில் பாதிதான் வானைத் தூக்கும். மிச்சப் பாதி அச்சுக்கு மேலே மட்காட்டுக்குள் போய்விடும். ஆகவே இவ்வளவு செலவழித்து நிலத்திலிருந்து நீங்கள் பெறும் உயரம் 2 சென்ரிமீற்றர். அகலமோ 235-இலிருந்து 267 மில்லிமீற்றருக்குப் போகிறது. முன் சில்லை முழுதாக வளைக்கும்போது உரசுவதற்கு இந்த அகலம்தான் பெரும்பாலும் காரணம். உயரத்தைப் பார்த்துவிட்டு அகலத்தை மறந்து டயர் வாங்கியவர்கள்தான் பிறகு மட்காட் வெட்ட ஆள் தேடுகிறார்கள்.

30×9.5 டயரை எடுத்துப் பாருங்கள். அகலம் 241, உயரம் 750-ஐ அண்டி வரும். இப்போதுள்ளதைவிட 6 மில்லிமீற்றர்தான் அகலம் கூடுகிறது. அதனால்தான் அதை ஒரு படி என்கிறேன். உங்கள் வானின் ஸ்பிரிங் தொய்யாமல் இருந்தால் பெரும்பாலும் வெட்டும் வேலை இல்லாமல் உட்கார்ந்துவிடும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டயர் பெரிதானால் நிலத்தில் படும் பரப்பும் அப்படியே கூடும், ஆகவே புதையாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். வானின் பாரத்தைத் தாங்குவது உள்ளேயுள்ள காற்று. ஒரு சில்லில் 550 கிலோ பாரம் இருக்கிறது, காற்று 36 பிஎஸ்ஐ என்று வையுங்கள். 36 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ. 550 கிலோவைத் தாங்க ஏறத்தாழ 220 சதுர சென்ரிமீற்றர் வேண்டும். டயர் 29 அங்குலமானாலும் 31 அங்குலமானாலும் அதே காற்றில் அதே அளவு பரப்புத்தான் நிலத்தில் படும். பக்கச் சுவரின் விறைப்பால் கொஞ்சம் கூடக்குறைய வரலாம், அவ்வளவுதான். காற்றை 18-க்கு இறக்கினால் அந்தப் பரப்பு இரண்டு மடங்காகிறது, 440. டயர் நீளவாக்கில் படிந்து, கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல் மணலின் மேல் போகும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. காற்று அளக்கும் கருவி ஒன்றும், திரும்ப அடிக்க ஒரு சிறிய கொம்பிரசரும் போதும்.

இதை நான் படித்தது உகந்தையில். அப்போது என்னிடம் பழைய டெலிக்கா, எல்300, இருந்தது. 31 அங்குலம் போட்டு, முன்பக்கத்தை உயர்த்தி, பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படிதான் வைத்திருந்தேன். ஆடி மாதம், வெயில் காய்ந்து மணல் மாவாகக் கிடந்த நேரம். கடற்கரைப் பக்கம் இறக்கினேன். 36 காற்று. இருபது முழம் போகவில்லை, பின் அச்சுவரை இறங்கிவிட்டது. 4எல், அதாவது நான்கு சில்லும் மெதுவாகப் பலத்தோடு இழுக்கும் கியர், போட்டு மிதிக்க மிதிக்க இன்னும் தோண்டியது. உள்ளே அம்மா, இரண்டு பிள்ளைகள். பக்கத்தால் ஒரு பழைய ஜீப், சாதாரண டயரோடு, அலுங்காமல் போய் நின்றது. அதில் இருந்த பெரியவர் இறங்கி வந்து ஒன்றும் பேசாமல் என் நான்கு டயரிலும் வால்வை அழுத்திக் காற்றை விட்டார். சில்லுக்கு முன்னால் கையால் மணலை ஒதுக்கினார். "இப்ப மெதுவா எடுங்க மகன்" என்றார். வான் தானாக ஏறி வந்தது. என் பெரிய டயர் செய்யாத வேலையை அந்த மனிதரின் பெருவிரல் செய்தது. அவரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆகவே மணலுக்கு 16 முதல் 18 பிஎஸ்ஐ. 15-க்குக் கீழே போகவேண்டாம், திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அந்தக் காற்றில் 30 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஓடக்கூடாது. சடுதியாக ஸ்டியரிங்கை ஒடிக்கவும் கூடாது. பாணமையிலிருந்து உகந்தை வரையிலான கிறவல் பாதைக்கு 26 அளவு வைத்தால் கல்லின் அடியும் குறையும், பல்வரிசைபோலக் கிடக்கும் மேடுபள்ளத்தில் வான் துள்ளுவதும் குறையும். தார் ரோட்டுக்கு ஏறுமுன் கட்டாயம் திரும்ப அடித்துவிடுங்கள். குறைந்த காற்றில் காப்பெட் ரோட்டில் 70-இல் ஓடினால் பக்கச் சுவர் கொதித்து வெடிக்கும். இன்னொன்று, அந்தப் பாதையில் யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு இறங்கி நின்று மண் தோண்டும் நிலை வரக்கூடாது. பிள்ளைகளோடு போகிறவர் நீங்கள், மூன்று மணிக்குள் பாணமைக்குத் திரும்பிவிடுங்கள்.

சரி, வயலுக்கு வருவோம். வெல்லாவெளி, நவகிரிப் பக்கத்துக் களி மண் வேறு கதை. கார்த்திகை மார்கழியில் அது பசைபோல ஒட்டும். ஓல்-டெரெய்ன் டயரின் கட்டைகளுக்கு இடையிலுள்ள வெட்டு அவ்வளவு அகலமில்லை. நான்கு சுற்றில் அது நிரம்பி, டயர் வழுவழுப்பான உருளையாகிவிடும். 31 ஆனாலும் 33 ஆனாலும் இதுதான் நடக்கும். சேற்றுக்கென்றே செய்யும் மட்-டெரெய்ன் டயர் இதைவிட நன்றாகப் போகும். ஆனால் அது காப்பெட் ரோட்டில் இரைந்து, மழையில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கி, சீக்கிரம் தேயும். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்தானே. வருடத்தில் சில நாள் சேற்றுக்காக மிச்ச நாளெல்லாம் அந்தத் தொல்லையைச் சுமக்க வேண்டாம்.

அப்புறம் உழவு மெசின் தடம். மாரியில் வட்டைக்குள் போகும் பாதைகளில் உழவு மெசினின் பெரிய சில்லு ஒரு முழ ஆழத்துக்குத் தடம் வெட்டிவிடும். அதற்குள் வானை இறக்கினால் நடு மேடு பின் டிபரன்சலில் தட்டி, நான்கு சில்லும் தொங்கிப்போகும். 2 சென்ரிமீற்றர் உயரம் இங்கே காப்பாற்றாது. ஒரு பக்கச் சில்லை நடு மேட்டிலும் மறுபக்கத்தைத் தடத்துக்கு வெளியே கரையிலும் வைத்து ஓட்டிப் பழகுங்கள். தெரியாத இடமென்றால் இறங்கி நடந்து பாருங்கள். உங்கள் கால் கணுக்கால் வரை இறங்கினால் இரண்டு தொன் வான் எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. வானைக் கிறவலிலேயே நிறுத்திவிட்டு மிச்சத் தூரம் நடப்பதுதான் நல்லது. நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

பெரிய டயரால் வானுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உயரம் 5.7 வீதம் கூடினால் எல்லாக் கியரும் அந்த அளவுக்கு நீண்டதுபோல் ஆகும். எஞ்சினின் இழுவை சில்லில் அந்த அளவு குறையும். பிரேக்கின் பிடியும் குறையும். இதற்கு மேல் 31 அங்குல ஓல்-டெரெய்ன் டயர் ஒன்று, சாதாரண ரோட்டு டயரைவிட 5, 6 கிலோ பாரம் கூட. அந்தப் பாரம் சுற்றுகிற பாரம், ஓரத்தில் இருக்கிற பாரம். ஏறாவூர்ச் சமதரையில் இது தெரியாது. செங்கலடியால் திரும்பி மகா ஓயா, பிபிலை தாண்டிப் பதுளைக்கு ஏறும்போது தெரியும். ஒட்டோ கியரில் எஞ்சினின் இழுவையை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டர் வழுக்கி வழுக்கிக் கியர் எண்ணெய் சூடாகும், எஞ்சின் சூடும் ஏறும். உங்கள் 2.8 எஞ்சின், அதாவது 4எம்40, சூட்டைத் தாங்காத எஞ்சின். ஹெட் வெடித்தால் டயர் விலையெல்லாம் சிறு காசாகிவிடும். இறக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். பசறை, லுணுகலைப் பக்கம் எட்டுப் பேரோடு இறங்கும்போது பிரேக் மிதி பஞ்சுபோல் ஆனால் என்ன செய்வீர்கள்?

ஸ்பீடோமீற்றரும் பொய் சொல்லும். முள் 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 74-இல் போகிறீர்கள். கொம்பனியிலிருந்து வரும்போது முள் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் என்பதால் சிலவேளை இரண்டும் சரிக்குச் சரியாகும். போனில் ஜிபிஎஸ் வேகத்தை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். கிலோமீற்றர் கணக்கும் குறைவாகவே விழும், எண்ணெய் மாற்றும்போது அதையும் நினைவில் வையுங்கள்.

வானை உயர்த்துவது பற்றிக் கேட்டீர்கள். இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் வானின் முன்பக்கம் டோர்ஷன் பாரில், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புக் கம்பியில், நிற்கிறது. கராஜில் அதன் போல்ட்டை இறுக்கினால் பத்து நிமிடத்தில் முன்பக்கம் எழும்பிவிடும், செலவும் இல்லை. ஆனால் அப்படி எழுப்பும்போது சில்லு கீழே இறங்குவதற்கு இருந்த இடம் போய்விடுகிறது. பள்ளத்தில் விழும்போது டக்கென்று முட்டும். முன் சில்லைச் சுற்றும் அச்சிலுள்ள வளையும் மூட்டின், அதாவது சீவி மூட்டின், கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், போல் ஜொயின்ட் தேயும். ஸ்பேஸ் கியர் முதலில் வந்தது 1994-இல். இப்போது ஓடுகிறவற்றில் அனேகமானவற்றின் டோர்ஷன் பாரும் பின் கொயில் ஸ்பிரிங்கும் தொய்ந்துதான் இருக்கும். ஆகவே புதிதாக உயர்த்துவதற்குப் பதிலாக, கொம்பனி வைத்த உயரத்துக்குத் திரும்பக் கொண்டு வாருங்கள். பின்னுக்கு நல்ல கொயில், நான்கு நல்ல ஷொக் அப்சோபர். நீங்கள் தேடுகிற உயரத்தில் பாதிக்கு மேல் அதிலேயே கிடைத்துவிடும், ஓட்டமும் புது வான்போல் இருக்கும். சில்லை வெளியே தள்ளும் ஸ்பேசர் வேண்டாம். பெயாரிங் சாகும். வெளியே தள்ளிய சில்லு வளையும்போது பெரிய வட்டம் அடிப்பதால் உரசலும் கூடும்.

டயர் வாங்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்று. முன்பக்கத்தை ஜெக்கில் தூக்கிச் சில்லை மேலும் கீழும், இடமும் வலமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் போல் ஜொயின்ட், டை ரொட், பெயாரிங் எதுவென்று பார்த்து முதலில் அதை மாற்றுங்கள். தேய்ந்த முன்பக்கத்தில் புதிய டயர் போட்டால் ஆறு மாதத்தில் ஒரு ஓரம் துணி தெரியத் தேய்ந்துவிடும். பிரேக் லைனரும் அப்படியே.

டயர் தெரிவில் பக்கச் சுவரிலுள்ள மூன்று குறிகளைப் பாருங்கள். எல்டி என்று போட்டிருந்தால் அது பாரத்துக்கும் கல்லுக்கும் செய்த தடித்த பக்கச் சுவர். உன்னிச்சை, கரடியனாறுப் பக்கத்துக் கிறவலில் கூர்க்கல் பக்கச் சுவரைத்தான் கிழிக்கும், ஆகவே அது வேண்டும். ஆனால் எல்டி டயருக்குக் கதவு ஸ்டிக்கரில் உள்ளதைவிடச் சில பிஎஸ்ஐ கூட அடித்தால்தான் அதே பாரத்தைத் தாங்கும். அடுத்தது சுமைக் குறி. 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 105 என்றால் 925. கதவு ஸ்டிக்கரில் உள்ளதற்குக் கிட்ட இருக்க வேண்டும், நெல் மூட்டை ஏற்றுகிறவர் நீங்கள். மூன்றாவது செய்த திகதி. டொட் என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அது. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். பூ, அதாவது ரோட்டில் படும் வெட்டு, எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான். பூ நிறைய இருக்கிறதென்று செகண்ட் ஹான்ட் டயர் ஒன்றை நான் திகதி பார்க்காமல் வாங்கினேன். வாகரை ரோட்டில் மத்தியான வெயிலில் மேல்தோல் முழுவதும் உரிந்து மட்காட்டை அடித்து வளைத்தது. நல்லவேளை பின் சில்லு.

நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே நேரத்தில் மாற்றுங்கள். இரண்டை இப்போது, இரண்டைப் பிறகு என்று ஒரு நான்கு சில்லு வாகனத்தில் செய்யவே கூடாது. முன்னும் பின்னும் உயரம் மாறினால் 4எச்-இல், அதாவது நான்கு சில்லும் இழுக்கும் சாதாரண வேகக் கியரில், ஓடும்போது இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். உங்கள் வானின் நடு டிபரன்சலில் முன் பின் அச்சுகளின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் விஸ்கஸ் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடாகிக் கெடும். எல்300 போல நடு டிபரன்சல் இல்லாத வானென்றால் கியர் பெட்டியே முறுகும். ஐந்தாவதாக ஸ்பெயாரும் அதே அளவாக இருந்தால் நல்லது. ஸ்பெயார் அடியில் தொங்குகிற வானில் 31 அங்குலம் அந்த இடத்துக்குள் போகாது என்பதும் 31-ஐ நான் வேண்டாமென்பதற்கு ஒரு காரணம். கூரையில் ஏற்றினால் பஞ்சர் ஆன நாளில் அதை இறக்க இரண்டு பேர் வேண்டும்.

ரிம்மைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். 235/75-க்கு 6 முதல் 8 அங்குல அகல ரிம், 30×9.5-க்கு 6.5 முதல் 8.5, 31×10.5-க்கு 7 முதல் 9. உங்கள் ரிம்மின் பின்புறத்தில் அகலம் பொறித்திருக்கும். பதிவுச் சான்றிதழில் டயர் அளவு எழுதியிருப்பதையும் எடுத்துப் பாருங்கள். அளவு மாற்றினால் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். விபத்து நடந்த பிறகு அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

30 போடுவதென்று முடிவெடுத்தால், காசு கொடுக்குமுன் கடைக்காரரிடம் கேட்டு ஒன்றை மட்டும் முன் இடது சில்லில் பூட்டுங்கள். முழு இடம், முழு வலம் வளைத்து, பின்னோக்கியும் ஓட்டிப் பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கப் பின் சில்லைக் கட்டையில் ஏற்றி, முன் இடது சில்லு உள்ளே அமுங்கிய நிலையில் திரும்ப வளைத்துப் பாருங்கள். சமதரையில் உரசாதது அமுங்கும்போது உரசும். பிரேக் ஹோசுக்கும் டயருக்கும் இடையில் ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். மட்-ப்ளாப்பில் மட்டும் லேசாகத் தொட்டால் அதை வெட்டிக்கொள்ளலாம், தகரத்தில் தொட்டால் அந்த அளவு வேண்டாம்.

பூட்டிய பிறகு எலைன்மென்ட் பாருங்கள். 100 கிலோமீற்றர் ஓடியதும் சில்லு நட் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். காற்று சரியா என்று அறிய, டயரின் குறுக்கே வெள்ளைச் சோக்கால் தடித்த கோடு போட்டு, நேர் ரோட்டில் கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூட, ஓரங்கள் அழிந்தால் குறைவு. குடும்பம் ஏறிய நிலையில் ஒன்று, தனியாக ஒன்று என்று இரண்டு கணக்கையும் எழுதிச் சூரிய மறைப்பில் ஒட்டிவையுங்கள். 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றுங்கள். உகந்தையிலிருந்து வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்பு மணல் பிரேக் பைப்பை வெளியிலிருந்து அரித்துத் தின்னும்.

டயரைப் பூட்டிவிட்டு, முன் சில்லு முழுதாக வளைந்த நிலையில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், தம்பி. இடைவெளியைப் பார்த்துச் சொல்கிறேன்.